1256-இல் நின்ற முகடு: கிருஷ்ணகிரி கிரானைட் ஷெட்டில் ஒரு காமா உணரி

ஏப்ரல் மாதம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். பர்கூர் சாலைப் பக்கத்தில் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையிலிருந்து எங்கள் எம்.எஸ்சி. மாணவி போன் செய்தார். பின்னணியில் பாலிஷ் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. "சார், 1256-ல ஒரு பீக் நிக்குது. 2250 கிட்ட இன்னொண்ணு. ரெண்டுமே பிஸ்மத் மாதிரி இருக்கு சார். அப்படின்னா இந்தக் கல்லுல யுரேனியம் ஜாஸ்தி." அவர் சொன்ன எண்கள் நாங்களே கட்டிய காமா உணரி காட்டிய ஆற்றல்கள்; பிஸ்மத், யுரேனியம் சிதைந்துகொண்டே போகும் வழியில் வருவது.

பக்கத்தில் நின்ற பட்டறை அண்ணா அதைக் கேட்டுவிட்டார். அடுத்த குரல் அவருடையது. "ஏன் சார், இதை வீட்டுக்குப் போட்டா ஏதாச்சும் ஆகுங்களா? ஒருத்தரு வீட்டு கிச்சன் மேடைக்கு அறுத்து வெச்ச கல்லுங்க. நாளைக்கு வண்டி ஏத்தணும்."

"ரெண்டு நாள் நிறுத்தி வையுங்கண்ணா, நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லி வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் கணக்கு தப்பாக இருந்தால் அந்த மனிதருக்கு வீண் நஷ்டம். யுரேனியம் என்ற சொல் பட்டறையை விட்டு வெளியே போனால் கல் லாரியைவிட வேகமாக ஊர் சுற்றும்.

கடைசியில் கல்லில் ஒன்றுமில்லை. எங்கள் கருவிதான் வெயிலில் தடுமாறியிருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம், முதலில் செய்த திருத்தம் ஏன் பலிக்கவில்லை, பிறகு என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சிண்டிலேட்டரும் (காமா பட்டால் மினுங்கும் படிகம்) சிலிக்கான் உணரியும் வைத்துச் சொந்தமாகக் காமா அளவி செய்கிறவர்கள் பலரும் இந்தக் குழியில் ஒருமுறையாவது விழுவார்கள்.

ஏன் செய்தோம், எதை வைத்துச் செய்தோம்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் காலடியில் கிடப்பது எல்லாம் ஒரே கல் இல்லை. வியாபாரத்தில் 'பிளாக் கிரானைட்' என்று போகும் கருப்புக் கல் பெரும்பாலும் டோலரைட்; நிலவியல்படி அது கிரானைட்டே இல்லை. 'பாரடைசோ' என்று பேர் வைத்து விற்கும் கல்லில் இளஞ்சிவப்பும் ஊதாச் சாம்பலும் அலை அலையாக ஓடும். ஊத்தங்கரை வழியாகச் சாமல்பட்டிப் பக்கம் போனால் சையனைட், கார்பனடைட் என்ற பாறை வகைகள் கிடைக்கும். ஒகேனக்கல் பக்கத்திலும் கார்பனடைட் உண்டு. இந்தக் கற்கள் காமாவில் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் மாணவியின் புராஜெக்ட்.

லேபில் எங்களிடம் இருந்தது ஜி.எம். (கெய்கர்-முல்லர்) கவுண்டர் மட்டும். அது 'டிக் டிக்' என்று எண்ணும், அவ்வளவுதான். வந்த காமாவின் ஆற்றல் என்ன என்று அதற்குத் தெரியாது. ஆற்றல் தெரிந்தால்தான் பொட்டாசியமா, தோரியம் வரிசையா, யுரேனியம் வரிசையா என்று பிரிக்க முடியும். வரிசை என்றால் ஒன்று சிதைந்து இன்னொன்றாக மாறிக்கொண்டே போகும் தொடர். 1948-இல் ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா பட்டால் நன்றாக மினுங்கும் என்று காட்டினார். அன்றிலிருந்து இந்த வேலைக்கு மினுங்கும் படிகம்தான் வழி. படிகத்துக்குள் காமா எவ்வளவு ஆற்றலை விட்டுவிட்டுப் போகிறதோ அந்த அளவுக்கு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தை அளந்தால் ஆற்றல் கிடைத்துவிடும்.

வெளிச்சத்தைப் பிடிக்க முன்பெல்லாம் போட்டோமல்டிப்ளையர் குழாய் ஒன்றே வழி. கண்ணாடிக் குழாய், ஆயிரம் வோல்ட் வாக்கில் மின்சாரம், காந்தத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குவாரிக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதனால் சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர் வாங்கினோம், சுருக்கமாக எஸ்ஐபிஎம். விரல் நகத்தைவிடச் சின்னது, 6 மி.மீ. சதுரம். 30 வோல்ட்டுக்குள் வேலை செய்யும்.

படிகம் தாலியம் கலந்த சீசியம் அயோடைடு, ஒரு அங்குலக் கனசதுரம், எடை 70 கிராம் வாக்கில். சோடியம் அயோடைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மஞ்சளாகிக் கெட்டுப்போகும். சீசியம் அயோடைடுக்கு அந்தத் தொல்லை குறைவு, தட்டினாலும் சட்டென்று உடையாது. 1,000 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், காமா ஆற்றலின் அலகு) ஆற்றலுக்கு ஏறக்குறைய 54,000 ஒளித்துகள் தரும். நிறம் 550 நானோமீட்டர், அதாவது பச்சையும் மஞ்சளும் கலந்தது. இதில் ஒரு குறை உண்டு. இந்த வகை எஸ்ஐபிஎம்முக்கு 420 நானோமீட்டர் நீல வெளிச்சம்தான் ரொம்பப் பிடிக்கும், பச்சையில் திறன் குறைந்துவிடும். படிகம் தாராளமாக வெளிச்சம் கொடுப்பதால் சமாளித்துக்கொள்ளலாம்.

எஸ்ஐபிஎம்முக்குள் என்ன நடக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல நான் எலிப்பொறியைத்தான் உவமை சொல்வேன். நாங்கள் வாங்கிய 6 மி.மீ. சில்லில் 18,980 நுண்ணறைகள். ஒவ்வொன்றும் வில்லை இழுத்து மாட்டி வைத்த பொறி. ஒரு ஒளித்துகள் வந்து தொட்டால் 'டப்'பென்று அடிக்கும். சுண்டெலி வந்தாலும் பெருச்சாளி வந்தாலும் அடி ஒரே அடிதான். அடித்த பிறகு தானாகவே திரும்ப மாட்டிக்கொள்ளும். எத்தனை பொறி அடித்தது என்ற மொத்தக் கணக்குத்தான் நமக்கு வரும் துடிப்பின் உயரம். அப்படி நான்கு சில்லுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு முகத்தில் பொருத்தினோம்.

கட்டிய விதத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. படிகத்தின் மற்ற ஐந்து முகங்களிலும் ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்ற வாங்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஆறேழு சுற்று இறுக்கிச் சுற்றினோம். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப இதைவிட மலிவான கண்ணாடி கிடையாது. சில்லுக்கும் படிகத்துக்கும் நடுவே கடுகளவு சிலிக்கோன் கிரீஸ். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் திரும்பி ஓடிவிடும். வைத்து, லேசாகத் திருகி அழுத்தினால் குமிழி ஓரமாக நகர்ந்து வெளியேறுவது கண்ணுக்கே தெரியும்.

மேலே எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப் சுற்றியதில் முதல் தடுமாற்றம். ஜன்னல் ஓரம் வைத்தால் எண்ணிக்கை எகிறியது, துண்டு போட்டு மூடினால் இறங்கியது. கறுப்பு டேப் கண்ணுக்குத்தான் கறுப்பு. சிலிக்கான் கண்ணுக்கு அது வழியாகவும், மடிப்பு ஓரங்கள் வழியாகவும் வெளிச்சம் கசியும். அலுமினியத் தாளை நடுவில் ஒரு சுற்று கொடுத்து, தகர டப்பாவுக்குள் இறக்கியதும் அது அடங்கிவிட்டது. இது அரை நாளில் தீர்ந்த சங்கதி, இதை விடுவோம்.

பட்டறையில் நடந்தது

அன்று காலை ஏழு மணிக்கு லேபில் அளவுகோல் போட்டோம். ஜி.எம். சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன சீசியம்-137 வில்லை 662 கேஇவியில் ஒரு முகடு தரும். இன்னொரு புள்ளிக்கு உரக்கடைப் பொட்டாஷ் ஒரு கிலோ. மாந்தோப்புக்காரர்கள் போடும் அதே எம்.ஓ.பி.தான். அதில் ஏறக்குறைய பாதி எடை பொட்டாசியம். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40, அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 31 சிதைவு. ஆக ஒரு கிலோ பொட்டாஷில் நொடிக்கு 15,000-க்கு மேல். அவற்றில் நூற்றுக்குப் பதினொன்று 1461 கேஇவி காமாவை விடும். லைசென்ஸும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். இவ்வளவு நல்ல சோதனை மூலம் உரக்கடையில் கிடைக்கிறது.

துடிப்புகளை உயரவாரியாகப் பிரித்துப் போடும் கட்டம்தான் சானல். சானல் ஒன்றுக்கு 2 கேஇவி என்று வைத்து, 662 முகடு 331-ஆவது சானலிலும் 1461 முகடு 730-இலும் நின்றது. அறை வெப்பம் 24 டிகிரி. திருப்தியாகப் பையில் போட்டுக்கொண்டு மாணவி கிளம்பினார். சீசியம் வில்லையை லேபை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. பொட்டாஷைக் கொண்டுபோயிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பட்டறை ஷெட் சிமெண்ட் ஷீட் கூரை. ஸ்டாண்டில் சாய்த்து அடுக்கிய பாரடைசோ ஸ்லாப்களின் மேல் கருவியைப் பொருத்தி, ஒரு மணிக்கு ஓட விட்டிருக்கிறார். ஒரு அங்குலப் படிகத்துக்குக் கல்லில் முகடு தெரிய ஒரு மணி நேரமாவது வேண்டும். மூன்று மணிக்கு அவர் பார்த்தது இது: 1256-இல் நல்ல முகடு, 2250-இல் சின்ன முகடு, 512-க்கு அருகே ஒரு புடைப்பு.

அவர் பட்டியலைப் புரட்டியிருக்கிறார். யுரேனியம் வரிசையின் கடைசிப் பக்கத்தில் வரும் பிஸ்மத்-214-க்கு 1238-இலும் 2204-இலும் கோடுகள் உண்டு. எங்கள் கருவியின் முகடுகள் அந்த இடத்தில் 80 முதல் 100 கேஇவி அகலம் இருக்கும். 18-ம் 46-ம் தள்ளிப்போனதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? 512-இல் இருப்பது எங்கேயும் வருகிற 511, பாசிட்ரான் அழியும்போது வரும் கோடு. மூன்றும் பொருந்திவிட்டன. அவர் அவசரப்பட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. நானே அங்கே இருந்திருந்தாலும் முதல் பத்து நிமிடம் அதைத்தான் நினைத்திருப்பேன்.

அண்ணன் தம்பி எங்கே?

ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி லேபில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தனிமம் தனியாக வராது, குடும்பத்தோடுதான் வரும். நூறு பிஸ்மத்-214 சிதைந்தால் 609 கேஇவி காமா சுமார் 45 வரும். 1764 சுமார் 15. ஆனால் 1238-ம் 2204-ம் ஆளுக்கு ஐந்தாறுதான். அதற்கு மேல், சின்னப் படிகம் குறைந்த ஆற்றல் காமாவைத்தான் எளிதாகப் பிடிக்கும். ஆகவே 1238 கண்ணுக்குத் தெரிகிற அளவு பிஸ்மத் இருந்தால், 609 மலை மாதிரி நிற்க வேண்டும். அந்த இடத்தில் வழவழப்பான சரிவுதான் இருந்தது. 1764-இல் ஒன்றுமே இல்லை. கல்யாண வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் இரண்டு பேர் வந்திருக்க, மாப்பிள்ளையைக் காணோம் என்றால் நாம் மண்டபம் மாறி வந்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

இன்னொன்றும் இடித்தது. கல்லில் கட்டாயம் இருக்க வேண்டிய 1461 எங்கே போயிற்று? இளஞ்சிவப்பு நிறமே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரால் வருவது. அந்தக் கல்லில் பொட்டாசியம் முகடு இல்லை என்பது மாந்தோப்பில் மாமரம் இல்லை என்பது போல.

கால்குலேட்டரை எடுத்தேன். 1256-ஐ 1461-ஆல் வகுத்தால் 0.86. தோரியம் வரிசையின் தாலியம்-208 கடைசியில் 2615-இல் ஒரு கோடு தரும். 2250-ஐ அதனால் வகுத்தால் அதுவும் 0.86. தாலியத்தின் 583-ம் பிஸ்மத்தின் 609-ம் எங்கள் கருவியில் ஒன்றாகக் கலந்து 596 வாக்கில் ஒரே புடைப்பாகத் தெரியும். 512-ஐ அதனால் வகுத்தால், சரி, அதுவும் 0.86.

மூன்றும் ஒரே வகுத்தல். பூஜ்யப் புள்ளி நகர்ந்திருந்தால் மூன்றும் ஒரே அளவு கேஇவி தள்ளிப் போயிருக்கும். ஒரே விகிதத்தில் சுருங்கியிருப்பதால் பெருக்கம், அதாவது உணரி துடிப்பைப் பெரிதாக்கும் அளவு, குறைந்திருக்கிறது. ரப்பர் ஸ்கேல் சுருங்கிவிட்டது, முகடுகள் எல்லாம் அதனதன் வீட்டில்தான் இருந்தன. சுருங்கிய ஸ்கேலில் பொட்டாசியம் போய் பிஸ்மத்தின் 1238 பக்கத்திலும், தாலியம் போய் பிஸ்மத்தின் 2204 பக்கத்திலும், கலந்த புடைப்பு போய் 511 மேலும் உட்கார்ந்தது வெறும் தற்செயல். மூன்று தற்செயல் ஒன்றாக வந்தால் யாரும் ஏமாறுவார்கள்.

மாணவிக்குப் போன் செய்து ஒன்று மட்டும் கேட்டேன். "அங்க எவ்ளோ வெயில்?"

"ஷெட்டுக்குள்ள 38 டிகிரி சார். தெர்மாமீட்டர் மாட்டி வெச்சிருக்காங்க."

காலையில் 24, பிற்பகலில் 38.

பதினான்கு டிகிரியில் என்ன போயிற்று

மறுநாள் காலை லேபிலேயே அந்த வெயிலைச் செய்து பார்த்தோம். தெர்மோகோல் பெட்டிக்குள் கருவி, பக்கத்தில் பொட்டாஷ் பொட்டலம், சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். ஒவ்வொரு வெப்பத்திலும் ஒரு மணி நேரம் சும்மா விட்டு, பிறகு எண்ணினோம். பொட்டாசியம் முகடு 24 டிகிரியில் 730. 31-இல் 679. 38-இல் 628. டிகிரிக்கு ஒரு சதவீதம் வீதம், ஏணியில் இறங்குவது போல இறங்கியது. படிகத்தின் மேல் சந்தேகமில்லை. இந்த வெப்பங்களில் சீசியம் அயோடைடு தரும் வெளிச்சம் பெரிதாக மாறாது. இறங்கியது சிலிக்கான்தான்.

எலிப்பொறிக்குத் திரும்புவோம். பொறியின் வில் இழுபட ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும். எங்கள் சில்லுக்கு அது 24.5 வோல்ட்டுக்கு அருகில். அதற்கு மேலே கொடுக்கும் மிகை வோல்டேஜ்தான் அடியின் வேகம். நாங்கள் கொடுத்தது 27.5, ஆக மிகை மூன்று வோல்ட். சூடு ஏறினால் சிலிக்கான் அணுக்கள் அதிகமாக அதிரும். ஓடும் எலக்ட்ரான் வழியெல்லாம் முட்டி ஆற்றலை இழக்கும், பொறி அடிக்க இன்னும் அதிக வோல்டேஜ் கேட்கும். டேட்டாஷீட்டில் இது டிகிரிக்கு 21.5 மில்லிவோல்ட். பதினான்கு டிகிரிக்கு 0.3 வோல்ட். 27.5-இல் 0.3 போனால் யாருக்கு வலிக்கும் என்று தோன்றும். ஆனால் அது போவது அந்த மூன்றிலிருந்து. பத்தில் ஒரு பங்கு பெருக்கம் காலி. மிகை குறைந்தால் பொறி ஒளித்துகளைப் பிடிக்கும் வாய்ப்பும் கொஞ்சம் குறையும், அதில் இன்னொரு நான்கு சதவீதம். 0.90 பெருக்கல் 0.96, விடை 0.86.

எந்தத் தயாரிப்பு எஸ்ஐபிஎம்மாக இருந்தாலும் இது உண்டு, அளவு கூடக் குறைய இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், எஸ்ஐபிஎம் பாதி ஒளி உணரி, பாதி தெர்மாமீட்டர். எந்தப் பாதி பேசுகிறது என்று தெரியாமல் அதனிடம் கல்லைப் பற்றிக் கேட்கக் கூடாது.

சூட்டில் இன்னொரு தொல்லை, இருட்டுத் துடிப்பு. வெளிச்சமே இல்லாமல், வெப்பத்தாலேயே பொறி தானாக அடிப்பது. எங்கள் நான்கு சில்லிலும் சேர்த்து அறை வெப்பத்திலேயே நொடிக்கு நாற்பது லட்சத்துக்கு மேல். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிக்கும். இவை ஒன்றிரண்டு ஒளித்துகள் அளவே என்பதால் பெரிய முகடுகளை நகர்த்தாது. ஆனால் அடிப்பக்கத்தில், 30, 40 கேஇவி வரை, வெறும் இரைச்சல் மேடாகக் குவியும். குறைந்த ஆற்றல் காமாவைப் பார்க்க நினைப்பவர்களுக்குத்தான் அது தலைவலி. எங்களுக்கு இல்லை.

முதல் திருத்தம் பலிக்கவில்லை

வழி தெளிவாக இருந்தது. வெப்பத்தை அளந்து, டிகிரிக்கு 21.5 மில்லிவோல்ட் கூட்டிக் கொடுத்தால் மிகை வோல்டேஜ் மாறாது. வெப்பத்தை உணர ஒரு தெர்மிஸ்டர், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அது சொல்லும் எண்ணை வோல்டேஜாக்கித் திருத்த டி.ஏ.சி. என்ற ஒரு சின்னச் சில்லு. மதியத்துக்குள் முடித்தோம். ஆன் செய்தால் முகடு இப்போது ஏறுகிறது! 730-இல் தொடங்கி, இருபது நிமிடத்தில் 765. அறை வெப்பத்தில் துளி மாற்றம் இல்லை.

கை வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சாலிடரிங் செய்ய வசதியாக இருக்கிறதே என்று தெர்மிஸ்டரை பவர் போர்டிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில், ஒரு நெல்மணி தூரத்தில், 5 வோல்ட்டை 27 ஆக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர். அது சூடானதும் தெர்மிஸ்டர் ஐந்து டிகிரி ஏறிவிட்டதாகச் சொல்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் அதை நம்பி 0.1 வோல்ட் கூட்டுகிறது. ஆனால் எஸ்ஐபிஎம் 70 கிராம் படிகத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. அளக்க வேண்டிய இடம் ஒன்று, வசதியான இடம் இன்னொன்று.

தெர்மிஸ்டரைப் பிய்த்து எஸ்ஐபிஎம் போர்டின் முதுகில், சில்லுகளுக்கு நேர் பின்னால், ஹீட்சிங்க் பேஸ்ட் வைத்து ஒட்டினோம். கன்வெர்ட்டரை ஒரு அடி வயர் நீளத்துக்குத் தள்ளி வேறு டப்பாவில் போட்டோம். தெர்மோகோல் பெட்டியில் மறுபடி 24, 31, 38. முகடு 730, 728, 725. இவ்வளவு போதும்.

மிச்சமிருக்கும் அந்த ஐந்து சானலையும் விடக் கூடாது என்று மாணவி பிடிவாதம் பிடித்தார். அவர் செய்த வேலை எனக்கு வோல்டேஜ் திருத்தத்தைவிடப் பிடித்திருந்தது. அதுவரை நாங்கள் இரவு முழுக்க ஓட விட்டு ஒரே ஃபைலாகச் சேமித்து வந்தோம். நடுவில் வெப்பம் மாறினால் முகடு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் தேய்ந்த நாணயம் மாதிரி அகலமாகக் கிடக்கும். எப்போது நகர்ந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது. அவர் அரை மணிக்கு ஒரு ஃபைல் வீதம் துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டிலும் 1461 எங்கே நிற்கிறது என்று புரோகிராம் தேடும். அதை 730-க்கு இழுத்து நேராக்கிய பிறகுதான் அடுத்த துண்டோடு கூட்டும். நம் ஊர்க் கல், செங்கல் சுவர், சிமெண்ட் தரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருப்பதால் அளவுகோலைப் பையில் சுமக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எங்கே போனாலும் அங்கேயே ஒன்று கிடக்கிறது.

மறுபடி ஷெட்டுக்கு

மூன்றாம் நாள் பட்டறைக்கு நானும் போனேன். வேண்டுமென்றே பிற்பகல் இரண்டு மணிக்கு. அண்ணா மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். லேப்டாப்பில் ஒரு மணி நேரம் புள்ளி புள்ளியாக மேடு எழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதம், பொரியும் அப்பளத்தைக் குழந்தைகள் பார்ப்பது போல இருந்தது.

1461-இல் பெரிய முகடு. 2615-இல் தாலியம், சின்னதாக. 600 பக்கம் கலந்த புடைப்பு. 1764-இல் தேடினால் தெரியும் அளவு ஒரு மினுக்கு. பூமியில் எந்தக் கல்லிலும் கொஞ்சம் யுரேனியம் வரிசை இருக்கத்தான் செய்யும். முதல் நாள் 'யுரேனியம்' நின்ற 1256-இல் வெறும் சரிவு. பிறகு கருவியை நாலு ஸ்டாண்ட் தள்ளிக் கருப்புக் கல் அடுக்கின் மேல் வைத்தோம். பொட்டாசியம் முகடு கிட்டத்தட்டக் காணாமல் போனது; தெரிந்த கொஞ்சமும் தரையிலிருந்தும் பக்கத்து அடுக்குகளிலிருந்தும் வந்ததுதான். புராஜெக்ட்டின் கேள்விக்கு விடை அந்த இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது.

"அப்ப இந்த சிவப்புக் கல்லுல கதிர் இருக்குன்னுதானே சார் அர்த்தம்?" என்றார் அண்ணா. சரியான கேள்வி. இருக்கிறது. நூற்றுக்கு நான்கு பங்கு பொட்டாசியம் இருக்கும் கிரானைட் சாதாரணம். அப்படியானால் கிலோவுக்கு நொடிக்கு 1,200 சிதைவு வாக்கில். உலக மண்ணின் சராசரி 400 என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு, அவர் உடம்பிலேயே ஏறக்குறைய நொடிக்கு 4,000 பொட்டாசியம்-40 சிதைவு நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "என்னைய வெச்சா அந்த மெஷின்ல மேடு வருமா?" சின்னப் படிகம், வராது என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

கட்டடப் பொருளுக்கு ஐரோப்பாவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (நொடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல்) என்று அளந்து, ரேடியத்தை 300-ஆலும் தோரியத்தை 200-ஆலும் பொட்டாசியத்தை 3,000-ஆலும் வகுத்துக் கூட்டுவார்கள். பொட்டாசியத்துக்கு எவ்வளவு பெரிய எண் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். மற்ற இரண்டைவிட அதைப் பற்றிய கவலை அவ்வளவு குறைவு. இந்தக் கூட்டலை எங்கள் கருவியால் போட்டுச் சொல்ல நான் துணியவில்லை. ஸ்லாப் அடுக்கின் வடிவத்துக்கும் படிகத்தின் திறனுக்கும் கணக்குப் போட்டால்தான் பெக்கரல் வரும். அதற்கு ஈயக் கவசமும் எடை தெரிந்த மாதிரிப் பொடியும் வேண்டும். எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்ல இந்தக் கருவி போதும். அன்று அதுதான் கேள்வியாக இருந்தது. வண்டி அன்று சாயங்காலமே ஏறியது.

கோடை மழை

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை. பின்னணியை அளக்கக் கருவியை லேப் மொட்டை மாடியில், பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து, விட்டு வைத்திருந்தோம். ஐந்து மணிக்கு இடியோடு மழை பிடித்தது. மாங்காய் உதிரும் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருக்க, மாணவி மட்டும் மறுநாள் காலை ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

மழைக்கு முந்தின துண்டில் 1461 மட்டும். ஐந்தரை மணித் துண்டில் 609-இல் தெளிவான முகடு, 352-இல் ஈயம்-214, 1120-இல் ஒன்று, 1764-இல் ஒன்று. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றிலேயே சிதைந்து, அதன் பிள்ளைகள் தூசியில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். மழை அவற்றைத் துடைத்துத் தரைக்குக் கொண்டுவரும். ஈயம்-214-க்கு அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214-க்கு 20. ஆறரை மணித் துண்டில் முகடுகள் பாதிக்கும் கீழே. எட்டு மணிக்கு இருந்த இடமே தெரியவில்லை. இரவு முழுக்க ஒரே ஃபைலாக ஓட விட்டிருந்தால் இது எங்கள் கண்ணில் பட்டே இருக்காது.

"சார், 1238 பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். 609-ஓடு ஒப்பிட்டால் அது ஒரு சின்னச் சுளிப்பு. இரைச்சலா முகடா என்று சத்தியம் செய்ய முடியாது. "நிஜ பிஸ்மத் வந்தா இப்படித்தான் இருக்கும், இல்ல சார்?"

ஆமாம் என்றேன்.

அந்த அச்சுத்தாள் இப்போது லேப் சுவரில், ஷெட்டில் எடுத்த முதல் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.